உறவுமுறை என்ற கட்டம்

சாசனம் எழுத வரமுதல்
உள்ளதெல்லாம் எழுதிக்கொண்டு வாங்கோ, அக்கா,
என்றாள் நொத்தாரிசு ஜெயரூபி.
காசு கேட்பாள் என்று போனவளுக்கு
கட்டம் போட்ட நாலு தாள்.

குளிர்சாதனப்பெட்டியைத் திறக்கிறேன்.
இருபது வருசமாய் அதற்கு மின்சாரமில்லை.
கடல் வந்த அன்று
அலஸ்தோட்டத்திலிருந்து பெருந்தெருவரை மிதந்துபோய்
கதவு திறவாமல் கிடந்தது அது மட்டும்தான்.
உள்ளே அரைக்கிலோ அறக்குளா, ஒரு சட்டித் தயிர்.
அவற்றை எறிந்துவிட்டு
காணிக் கந்தோரில் அலைந்து எடுத்த
உறுதிப் பிரதியை அதற்குள் வைத்தேன்.
மரக்கறித் தட்டில் அடகுச் சீட்டு.
முட்டைக் குழிகளில் திறப்புகள்.

வடக்கு: சின்னராசா பெண்சாதி பேரிலுள்ள காணி.
அங்கே இப்போது நீச்சல்குளம்,
வெள்ளைக்காரர் முதுகு காயப்போடுகிறார்கள்.
தெற்கு: ஒழுங்கை.
மேற்கு: பனை மூன்று. ஒன்றுதான் நிற்கிறது.
கிழக்கு: கடல்.
அவ்வளவுதான், அளவில்லை,
கடலும் வந்து கையெழுத்து வைத்துப் போனதுபோல.

எழுதினேன்.
வங்கிப் புத்தகம் இரண்டு, ஒன்றில் நூற்றிப்பன்னிரண்டு ரூபா.
காப்பு ஒரு சோடி, மீட்கும் தவணை ஆவணியில்.
கைபேசி திறக்கும் எண்: பழைய எக்ஸ்சேஞ்சில்
முப்பது வருசம் நான் இருந்த பலகையின் எண்.
கடன்: மீன்கார நௌசாத்துக்கு அறுநூறு.
எரிக்கவும்.
வெடி கொளுத்தவும், பக்கத்து ஹோட்டலுக்குக் கேட்கட்டும்.

நாலாம் தாளில் பேனை நின்றது.
நினைவில்லாமல் நான் கிடந்தால்
குழாயை வைக்கவோ எடுக்கவோ
ஓம் என்று சொல்பவர் யார்?

மகன் பிராம்ப்டனில்.
குளிர்க் களஞ்சியத்தில் வேலை, வேலை நேரத்தில் போன் இல்லை.
வித்துப்போட்டு வாங்கோ அம்மா என்பான்,
எதை என்று கேட்டால் வீட்டை என்பான்,
கடலையும் சேர்த்தோ என்று நான் கேட்டதில்லை.

பிறகு பிரசாந்தினி.
ஏழு வருசத்துக்கு முன் அவன் விவாகரத்துத் தாளில்
கையெழுத்து வைத்துத் தபாலில் அனுப்பினான்.
அந்தக் கிழமையும் சனிக்கிழமை
ஸ்கூட்டரை வேலியோடு சாய்த்துவிட்டு
பிரஷர் குளிசையோடு வந்தாள்.
குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்து
உப்புக்காக என்னைப் பேசினாள்.
தாளைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை,
இன்றுவரைக்கும்.

பெயரை எழுதிவிட்டேன்.
அடுத்த கட்டம்: உறவுமுறை.
சகலன், சம்பந்தி, ஓர்ப்படியாள்,
ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட என்று
விட்ட தூரத்தையும் எண்ணி வைத்த மொழி
நீதிமன்றம் அறுத்த பிறகும் வருகிறவளுக்கு
ஒரு சொல் எடுத்து வைக்கவில்லை.
முன்னாள் மருமகள் என்று எழுதிப் பார்த்தேன்,
முன்னாள் அமைச்சர் மாதிரி இருந்தது. அழித்தேன்.
மகள் என்று எழுதினேன்.
அந்தச் சொல்லுக்கு உடையவ சாம்பல்தீவில்
நல்ல சுகமாய் இருக்கிறா. அழித்தேன்.
தாள் அந்த இடத்தில் மெலிந்து
மறுபக்கத்துக் கடன் தெரிந்தது.

வியாழக்கிழமை, ஜெயரூபியின் வாசல் வாங்கில்
முறை வரக் காத்திருந்தேன்.
தெருவில் மேய்ந்த புள்ளிமான் ஒன்று
கேட்டுக்குள் தலையை விட்டு
ஃபைலின் மூலையைக் கடித்து இழுத்தது.
நௌசாத்தின் அறுநூறு போய்விட்டது,
மிச்சத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

இந்தக் கட்டம் வெறுமையாய்க் கிடக்குதே, அக்கா?
சனிக்கிழமை என்று போடு.
அவள் சிரிக்கவில்லை.
உறவு தேவையில்லை, பெயரும்
அடையாள அட்டை எண்ணும் போதும் என்றாள்.
சட்டத்துக்கு இவ்வளவு இரக்கம் உண்டென்று
எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.
எண்ணைப் பார்க்காமல் சொன்னேன்,
எக்ஸ்சேஞ்சில் இருந்தவளுக்கு எண் மறக்காது.

அவவிடம் சம்மதம் கேட்டீங்களோ?

இல்லை.

வரும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி
மான் தின்ற கடனைக் கொடுத்தேன்.
சனிக்கிழமைக்கு அரைக்கிலோ அறக்குளா
எடுத்துவைக்கச் சொன்னேன்,
கடனுக்கு.