ஊர் பேர் தெரியாதது

லெத்பிரிட்ஜில் அபூர்வமாகக் காற்று ஓய்ந்திருந்த
ஒரு செவ்வாய்க்கிழமை
டிகாராம் சிவாகோட்டி போத்தலோடு வந்தான்,
இறைச்சி ஆலையில் இரவுவேலை முடித்து,
குல்லாயைக்கூடக் கழற்றாமல்.

குந்த்ருக்.
கடுகுக்கீரையை வாட்டி, நசுக்கி,
காற்றுக்கு இடம் விடாமல் திணித்து
அடுக்ககத்தின் கொதிகலன் அறையில்
வீட்டுக்காரருக்குத் தெரியாமல்
பதினேழு நாள்.
மூடியைத் திறந்ததும்
ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேர் எழுந்து போனார்கள்.
எனக்குப் பசித்தது.

நீர்க்க வைத்தேன்,
பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, கோடியில் ஒன்றுவரை.
தட்டுகளில் பரப்பினேன். முப்பது டிகிரி. மூன்று நாள்.
வந்தவையெல்லாம் தெரிந்த முகங்கள்,
எந்த ஊர்க் காடியிலும் முதல் பந்தியில் உட்காருபவை.
நான்காம் தட்டின் ஓரத்தில் மட்டும்
கடுகில் பாதி அளவில் ஒன்று,
வெள்ளை என்று சொல்லத் தயங்கும் வெள்ளை.
என் கை அழுக்கு என்று நினைத்துக்
குப்பைக்கூடைவரை கொண்டுபோனேன்.

சாயம் ஏற்றினேன். ஊதாவாய் நின்றது.
பெராக்சைடு ஒரு சொட்டு விட்டேன்.
நுரைக்கவில்லை. நம் ஆள்தான்.
மரபணு வரிசை வர ஒரு வாரம் ஆனது:
மிக நெருங்கிய உறவோடு
தொண்ணூற்றேழு புள்ளி ஒன்பது.
நூற்றுக்கு இரண்டு பிசகினால் போதும்,
தனிக்குடித்தனம்.

பெயர் வைக்க விதிகள் உண்டு.
பேரினம் முன்னால், தன் பெயர் பின்னால்.
அப்பாவை முன்னே எழுதும் எங்கள் வழக்கம் அது.
இந்த நாட்டுப் படிவங்களுக்கு அது பிடிபடவில்லை;
பல் வைத்தியரிடம் ‘ஆழ்வாப்பிள்ளை’ என்று கூப்பிட்டால்
பதினொரு வருடமாக எழுந்து போவது நான்.
பாக்டீரியாவை மட்டும் சரியாக எழுதுகிறார்கள்.

பிறகு ‘தோன்றிய இடம்’ என்றொரு கட்டம்.
கீரை ஓல்ட்மேன் ஆற்றுப் பள்ளத்தில்,
வாடகைப் பாத்தியில் முளைத்தது.
விதை ஒகாயோவிலிருந்து மைத்துனன்
தபால் உறையில் ஒளித்து அனுப்பியது.
நசுக்கிய கை பூட்டானில் பிறந்து
ஜாபா முகாமில் பதினெட்டு வருடம்
தண்ணீர்க் குழாய்க்கு வரிசையில் நின்ற கை.
போத்தல் ஏதோ ஜாம் கம்பெனியுடையது.
எதன்மேல் ஏறி வந்தது இது?
கட்டத்தில் இடம் ஒரு சொல்லுக்குத்தான்.

இன்னொரு விதியும் இருக்கிறது:
இரண்டு நாடுகள் உயிரோடு வாங்கி வைத்துக்கொண்டால்தான்
பெயர் செல்லும்.
இதைச் சொன்னபோது டிகாராம் சிரித்தான்.
நான் நினைத்ததைவிட நெடுநேரம் சிரித்தான்.

ஒற்றை மாதிரி போதாது,
இன்னொன்று கண்டுபிடி என்றார்கள்.
பிப்ரவரியில் அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.
‘மீதியா? காயவைத்து, உருளைக்கிழங்கு போட்டுக்
குழம்பு வைத்தாயிற்று’ என்றாள் தேவிமாயா.
உலகத்துக்குப் புதிய ஓர் உயிர்.
நன்றாக இருந்ததாம், உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலாம்.
போத்தல் கொதிநீரில் கழுவிக்
கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

சன்னலுக்கு வெளியே சினூக் தொடங்கி
பனி ஒரே மூச்சில் தண்ணீராகிக்கொண்டிருந்தது.
அவள் சூப்பர் மார்க்கெட் பையிலிருந்து
கலிபோர்னியாக் கீரைக்கட்டு ஒன்றை உதறினாள்.
பழக்கதோஷம், கையுறையை நீட்டினேன்.
அவள் அதைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
வெறுங்கையால் நசுக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் உறைத்தது:
தோட்டம் மாறிவிட்டது, விதை மாறிவிட்டது,
போத்தலும் வெந்துவிட்டது.
இனியும் வந்தால் கை.
வராவிட்டால்
அந்த ஒன்று உறைபெட்டியில், மைனஸ் எண்பதில்,
என் கிறுக்கெழுத்தில்
‘நான்காம் தட்டு, ஓரம்’ என்ற விலாசத்தில் கிடக்கும்.

மூடியை இறுக்கி
என்னிடமே நீட்டினாள்,
கொதிகலன் அறைச் சாவியோடு.
கதவு கொஞ்சம் இழுக்கும், தூக்கித் திறக்க வேண்டும் என்றாள்.