சாய்கோடு

தேக்காவில் என் கடைக்கு விலைப்பலகை கிடையாது.
காலை ஏழுக்கு முருங்கைக்காய் கட்டு மூன்று வெள்ளி,
பதினொன்றுக்கு இரண்டரை,
ஒரு மணிக்கு மழையும் பிடித்துக்கொண்டால்
எடுத்துக்கிட்டுப் போங்கம்மா என்கிற விலை.
வாங்குகிறவர் ஆசையும் விற்கிறவன் அவசரமும்
பாதி வழியில் முட்டிக்கொள்ளும் இடம்தான் விலை.
முப்பது வருஷத்தில் நான் படித்தது இவ்வளவுதான்.

அதனால்தான் முகவர் ஜெரமி
கைப்பேசியைத் திருப்பிக் காட்டியபோது
எனக்கு மண்டையில் ஏறவில்லை.

புக்கிட் பாஞ்சாங், பதினொன்றாம் மாடி, நான்கறை வீடு.
இயோ தம்பதிக்குப் பிடித்துவிட்டது.
அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம்.
சமையலறை ஜன்னலோரம் நின்று
காற்று வருது, காற்று வருது என்று
மாண்டரினில் புருஷனிடம் சொன்னாள்
(கடையில் கற்ற மாண்டரின், அதுவரை எனக்குப் புரியும்).
ஐந்து லட்சத்து அறுபதாயிரம் என்றார்கள்.
பேரம்கூடப் பேசவில்லை.
கடனை அடைத்து, சேமநிதிக்குத் திருப்பிக் கட்டி,
மிச்சத்தில் ஈரறை வீட்டுக்குப் போக
அன்றிரவே கணக்கெழுதி முடித்தாள் வசந்தமலர்.

புளோக்கில் சீனர் விகிதம் நிரம்பிவிட்டது
என்றது ஜெரமியின் திரை.
சீனர் விற்றால் அவர்கள் வாங்கலாம்.
நான் விற்றால் வாங்கக்கூடாது.

மாதம் ஒன்றாம் தேதி எண்ணிக்கை மாறுமாம்.
மூன்று ஒன்றாம் தேதிகள்
கடைக்குக் கிளம்புமுன் இருட்டில் உட்கார்ந்து
பிறை தேடுகிறவனைப் போலத் திரையைப் பார்த்தேன்.
முறையீடு எழுதினேன். நல்ல தமிழில் யோசித்து
மகனிடம் கொடுத்து ஆங்கிலமாக்கி.
கவனமாகப் பரிசீலித்தோம் என்று பதில் வந்தது.
இயோவுக்கு ஆண் குழந்தையாம்,
வேறு புளோக்கில், ஆறாம் மாடியில்.

பிறகு வந்தவர் டெஸ்மண்ட் ஒலிவெய்ரோ.
படிவத்தில் அவரும் நானும் ஒரே கட்டம்:
இந்தியர், ஒரு சாய்கோடு, மற்றவர்.
கோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.
ஐந்து லட்சத்துப் பதினெட்டாயிரம் என்றார், மெதுவாக.

நாற்பத்திரண்டாயிரம் குறைவு.
பதினாலாயிரம் கட்டு முருங்கைக்காய்,
அதுவும் காலை ஏழு மணி விலைக்கு.

காரணம் தெரியாதவன் இல்லை நான்.
எதிர்வீட்டு ரோஸ்னாவின் கோழிச் சம்பலும்
எங்கள் பால்பாயசமும்
இருபத்திரண்டு வருஷம் குறுக்கே நடந்த தாழ்வாரம் இது.
மூட மறுக்கும் மின்தூக்கிப் பொத்தானை
நான்கு மொழிகளில் திட்டியிருக்கிறோம்.
யாரோ எங்கோ உட்கார்ந்து எண்ணாமல் போயிருந்தால்
ரோஸ்னா எதிர்வீட்டில் இருந்திருப்பாரா?
இருந்திருக்கலாம். தெரியாது.
ஆனால் அதற்கான சீட்டு ஏன்
என் ஒருவன் பெயரில் கிழிக்கப்படுகிறது
என்று கேட்க வாயெடுக்கும்போதுதான்
அந்தோணிமுத்து ஞாபகத்துக்கு வருகிறார்.

இதே கூடம். இதே வீட்டை எனக்கு விற்றவர்.
தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தி,
"இன்னொருத்தர் கூடக் கேட்டாரு தம்பி,
நிறையவே கேட்டாரு. குடுக்க முடியாதாம்" என்றார்.
எந்த இனம் என்று அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
முதல் நாளே என் முகவர் சொல்லியிருந்தார்,
இறுக்கிப் பிடிங்க, அவருக்கு வேற வழியில்லை என்று.
பிடித்தேன். இன்னும் ஐயாயிரம் குறைத்தேன்.
அன்று எனக்குச் சட்டம் ஒன்றும் கண்ணில் படவில்லை.
நல்ல விலை என்று மட்டும் தோன்றியது.
வீட்டுக்கு வரும் வழியில் ஜாங்கிரி வாங்கினேன்.

டெஸ்மண்ட் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்,
சமையலறையை அடியால் அளக்கிறார்,
ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நிற்கிறார்.
வசந்தமலர் தேநீர் கொண்டுவந்து வைக்கிறாள்.
"இன்னொருத்தர் கூடக் கேட்டார்" என்கிறேன்,
எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

அவர் கோப்பைக்குள் பார்த்துக் குனிகிறார்.

அந்தக் குனிதல் எனக்குத் தெரியும்.
சீனி போதுமா என்று கேட்டேன்.