நான்காம் முகப்பு

ஊத்தான் மெலிந்தாங்கில் உரக்கடைக்கு மேல்மாடி.
படியேறும்வரை யூரியா வாடை,
கதவைத் தள்ளினால் எலுமிச்சைப்புல்.
மூன்று வகைச் சாப்பாடு, முப்பத்திரண்டு வெள்ளி.
மடிப்புக் கலையாத மேசைவிரிப்பு,
தண்டு வைத்த கண்ணாடிக் குவளையில் வெறும் தண்ணீர்.
"ஈப்போவில் இதற்கு நூறு கேட்பான்" என்பாள் மனைவி,
கொஞ்ச நேரத்தில்,
முட்கரண்டியைக் கையில் எடை பார்த்தபடி.

ஆனால் முதலில் வாசல்.
ஒரு பெண் ஏட்டோடு நின்றாள்.
"முன்பதிவு இருக்கா சார்? பேரு?"
சொன்னேன்.
விரல் மேலிருந்து கீழே இறங்கியது.
"இல்லையே சார்."
நேற்றே போன் பண்ணிச் சொன்னேனே என்றேன்.
எல்லாரும் சொல்வதுதான்.
இருபத்திரண்டு வருடமாக
என்னிடம் சொல்கிறார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்று
அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.
அடுத்த பக்கத்தில் நான் இருந்தேன்.

சட்டையில் குத்திய பெயர்: யுகேஸ்வரி.
அப்போதுதான் முகம் வந்தது.

தெலுக் இந்தான், பதிவு அலுவலகம், நான்காம் முகப்பு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பள்ளிச் சட்டையில் அம்மாவோடு,
பிறகு பள்ளிச் சட்டை இல்லாமல்,
பிறகு அம்மாவும் இல்லாமல்.
பிறந்த இடம்: தோட்டத்து லாயம்.
தந்தை பெயர்க் கட்டத்தில்: விவரம் இல்லை.
முதல் முறை, வேறு பாரம் என்றேன்.
அடுத்த முறை, புத்ராஜெயாவுக்குப் போயிருக்கிறது என்றேன்.
போயிருந்தது, அது பொய்யில்லை.
கடைசி முறை மணி ஒன்று.
பலகையைத் திருப்பி வைத்துவிட்டுப் போனேன்.
அன்றைக்கு என்ன சாப்பிட்டேன்?
மீ கோரெங், பொட்டலத்தில், பாதியை எறிந்தேன்.

உணவுப்பட்டியலின் பின்னட்டையை
மனைவி சத்தமாக வாசித்தாள்:
இங்கே பயிற்சி பெறும் பதினோரு பேருக்கும்
எந்த நாட்டு அடையாள அட்டையும் இல்லை.
உங்கள் கட்டணத்தில் ஒரு பங்கு
அவர்கள் வழக்குச் செலவுக்கு.
"ஐயோ பாவம்" என்றாள்.
பிறகு, "உங்க ஆபீஸ்தானே இது?"
உப்பு எங்கே என்று தேடினேன்.

இடக்கையை முதுகுக்குப் பின் மடித்து
யுகேஸ்வரி தட்டை வைத்தாள்,
மனப்பாடம் செய்ததைத் தடுமாறாமல் சொன்னாள்:
"பெர்ணம் ஆற்று இறால், இஞ்சிப்பூச் சாறு,
மேலே வறுத்த தேங்காய்."
அவளுக்கு என்னைத் தெரிந்ததா, தெரியவில்லை.
முகப்பில் நான் நிமிர்வது குறைவு.
அவள் பார்த்ததெல்லாம்
என் உச்சந்தலையாகத்தான் இருக்கும்.

சாறு நாக்கில் முதலில் புளித்தது,
நேரம் கழித்து இனித்தது.
தலையை உறிஞ்சலாமா என்று மனைவி கண்ணால் கேட்டாள்.
இப்படி ஓர் இடத்தில் கூடாது என்றேன்.
அடுத்த மேசையில்
செம்பனை ஆலைக் கங்காணி ஒருவர்
குடும்பத்தோடு உட்கார்ந்து,
உலகத்துக்கே கேட்கும்படி உறிஞ்சிக்கொண்டிருந்தார்.
அவள் போய்
இன்னொரு கைதுடைக்கும் துணி வைத்துவிட்டு வந்தாள்.

கடைசியில் கூலா மலாக்கா ஐஸ்கிரீம்,
கணக்குச் சீட்டு,
கூடவே ஒரு பாரம்.
பெயர். தொலைபேசி எண். பரிமாறியவர் பெயர்.
இவரை வேலைக்குப் பரிந்துரைப்பீர்களா? ஆம் / இல்லை.
கறுப்பு மையில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக,
கை தானாக எழுதியது.
'ஆம்' மேல் குறி போட எவ்வளவு நேரம் ஆகும்?
ஒரு வினாடி.
அதற்கு புத்ராஜெயா வேண்டியதில்லை.

நீட்டினேன். வாங்கவில்லை.
"பின்பக்கமும் இருக்கு சார்."
அது நான் சொல்கிற வாக்கியம்.
அதே சுரம், அதே சலிப்பில்லாத குரல்.

திருப்பினேன்.
கோடில்லாத ஒரு பெரிய கட்டம்:
நீங்கள் சொல்ல விரும்புவது.
பக்கத்திலேயே நின்றாள்.
மனைவி கைப்பையில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள்.
'இறால் நன்றாக இருந்தது' என்று எழுதினேன்.

கட்டத்தில் இன்னும் இடம் இருந்தது.