நேர அட்டை

தாண்டிக்குடிப் பள்ளி மைதானத்தில்
சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
மேலாளர் ஜாக்கிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து
வண்டியிடம் சொல்வதுபோல் சொன்னார்:
ஆறு வினாடி முன்னால் இருக்கிறீர்கள்.
பட்டத்துக்குப் புள்ளி வேண்டியது முதல் வண்டிக்கு.
அடுத்த மேசையில் ஒரு நிமிடம் தாமதித்து
அட்டையைக் கொடுங்கள்.
பத்து வினாடி அபராதம், அவ்வளவுதான்.
யாருக்கும் ஒன்றும் ஆகாது.

தனிஸ்லாஸ் தலையை ஆட்டினான்.
மலைவாழைப் பழம் ஒன்றை உரித்துப்
பாதி தின்று, மீதியை
டயர் அடுக்கின்மேல் வைத்துவிட்டு வந்தான்.

மேசைக்கு நாலடி தள்ளி
இன்ஜின் ஓடியபடி நின்றோம்.
சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடியை
ஒரு ஆள் ஏணி வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.
எங்களைத் திரும்பிப் பார்த்தார்:
பந்தய வண்டி ஏன் சும்மா நிற்கிறது?
அறுபதையும் வாய்விட்டு எண்ணினான்
சீட்டுப் பணத்தை நோட்டு நோட்டாய்க் கட்டுகிறவன்போல.
பிறகு சொன்னான்:
நாலு வினாடி கடன். பதின்மூன்று கிலோமீட்டர்.
வாசி.

வாசித்தேன்.
சாலையை அவனுக்கு முன்னால் வாயால் ஓட்டுவது,
எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.

இடது நாலு, அறுபது,
மேடு, அந்தப் பக்கம் தெரியாது, நேரே நம்பு,
வலது ரெண்டு, இறுகும், வெட்டாதே,
நூறு, பாலம், குறுகும்,
இடது மூணு, ஈரம், வெட்டாதே

வெட்டாதே என்பது
வெயிலில் இறங்கி நடந்து நான் எழுதியது.
உள்வளைவில், காபிச் செடிக்கடியில்,
புல் மூடிய சர்வே கல்.
விரலால் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை.
சிவப்பில் ரெண்டு கோடு போட்டேன்.

வெட்டினான்.

காபிக் கிளை என் பக்கக் கண்ணாடியில் அறைந்தது.
கல்லுக்கும் எங்களுக்கும் நடுவே
ஒரு சாண் இருந்திருக்கலாம்,
ஒரு புல் இருந்திருக்கலாம்.
நான் அதற்குள் அடுத்த வரியில் இருந்தேன்.
பயப்பட அந்த நோட்டில் ஓரம் விட்டிருக்கவில்லை.

மூன்று இடத்தில் வெட்டாதே.
மூன்று இடத்திலும் வெட்டினான்.
மேலாளர் சொன்னதை
அட்சரம் பிசகாமல் கேட்டவன்தான்.

பண்ணைக்காட்டில் மதில்மேல் ஆட்கள், விசில்.
ஐந்து வினாடி பிடுங்கியிருந்தான்.
கடன் போக ஒன்று மிச்சம்.
ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தான்:
பாத்தியா, சொன்ன பேச்சும் கேட்டாச்சு,
ஜெயிச்சும் ஆச்சு.
ஆச்சு என்றேன்.
என் தொடை தனியாக ஆடிக்கொண்டிருந்தது.
நோட்டை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டேன்.

பெருமாள்மலை. கடைசி மேசை.
அட்டையோடு இறங்குகிறேன், போன் அதிர்கிறது.
எனக்கு மட்டும் வந்தது:
இன்னும் ஒரு நிமிடம். அவனிடம் சொல்ல வேண்டாம்.

குடைக்கடியில் உடற்பயிற்சி ஆசிரியர் போத்திராஜ்.
கடிகாரத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.
நாலு பதினேழு. எங்கள் நிமிடம்.
கொடும்மா, என்றார்.

பின்னால் ஹாரன், ஒருமுறை.
மூடுபனி மேசைவரை வந்து
அவருடைய பதிவேட்டை ஈரமாக்கியது.
பேரிக்காய்க்காரி கூறு பிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் சீட்டு, அவன் கட்டட்டும்.
என் உயிரையும் சேர்த்தல்லவா மேசையில் வைத்தான்,
ஒரு வார்த்தை கேட்காமல், மூன்று தவணை.

கொடும்மா.

ஹாரன் இப்போது விடாமல்.
நான் பேரிக்காய் விலை கேட்டேன்.
கூறு முப்பது என்றாள்.

நாலு பதினெட்டு விழுந்த பிறகு நீட்டினேன்.
போத்திராஜ் என் முகத்தை ஒருமுறை பார்த்து
எழுதினார், ஒற்றிக் கொடுத்தார்.

நன்றி என்று வந்திருந்தது.
உங்களுக்காக இல்லை என்று தட்டச்சு செய்து
அனுப்பாமல் அழித்தேன்.
அது முழு உண்மையா என்று எனக்கே தெரியவில்லை.

தனிஸ்லாஸ் கதவைத் திறந்துகொண்டு நின்றான்.
கடிகாரம் வேகமா ஓடுதா அங்கே?

சரியாத்தான் ஓடுது, என்றேன்.