கருங்கண்ணியில் நான்கு கம்பிகள்

நட்டது நான்கு கம்பி, ஒரே நேர்கோட்டில்.
ஓரத்து இரண்டும் மின்சாரத்தை மண்ணுக்குள் விட.
நடுவில் இரண்டும்
எதையும் தராது, வாங்காது,
தங்களுக்குள் எத்தனை மில்லிவோல்ட் வித்தியாசம்
என்பதை மட்டும் சொல்லும்.

அறுப்பு முடிந்த வயல். பங்குனி வெயிலில்
மேல்மண் பொருக்குத் தட்டிக் கிடக்கிறது.
மீட்டரில் எண் நிற்காமல் துள்ளுகிறது.
"கம்பி மண்ணைப் பிடிக்கலே சார்" என்றான் குணாளன்,
சம்மட்டியைத் தோளில் சாய்த்து.
கம்பியடியில் உப்புத்தண்ணீர் ஊற்ற வேண்டும்.
நாங்கள் கொண்டுவந்த கேன் ஜீப்பிலேயே கவிழ்ந்திருந்தது.

நிலத்துக்காரி சந்தனமேரி வீட்டுக்குப் போய்
குடம் தண்ணீரில் இரண்டு கை கல்லுப்பு கரைத்து வந்தார்.
"உப்பு இருக்கான்னு பாக்க
உப்பையே ஊத்துறீங்களா?"
சிரிக்காமல்தான் கேட்டார்.

மட்டமான ஊர்.
மிதிக்காமல் விட்டால் சைக்கிள் எந்தப் பக்கமும் உருளாது.
மைலுக்கு ஒரு சாண் சரிவை நம்பித்தான்
வெள்ளையாற்றுத் தண்ணீர் இவ்வளவு தூரம் வருகிறது,
வந்தால்.
அந்த ஒரு சாணைத்தான்
நானும் பாட்டரியில் அடைத்துக் கொண்டுவந்திருக்கிறேன்:
இங்கே உயரம், அங்கே தாழ்வு.
வித்தியாசம் இல்லாத இரண்டு புள்ளிகளுக்கு நடுவே
ஒன்றும் கிளம்பாது.
மேலே மின்கம்பியில் ஒரு கரிச்சான்
இரண்டு காலையும் ஒரே அழுத்தத்தில் ஊன்றி
இறகைக் கோதிக்கொண்டிருக்கிறது.

ஓரக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட்டால்
ஓட்டம் இன்னும் ஆழம் தேடிப் போகும்.
பத்து மீட்டரில் மணல். நல்ல தடை.
நாற்பதில் இறங்கியது.
எண்பதில் மடமடவென்று.
தடை குறைந்தால் மின்சாரத்துக்குக் கொண்டாட்டம்,
போர் போடுகிறவருக்கு இல்லை.

"களிமண்ணாவும் இருக்கலாம்மா,
களியும் இப்படித்தான் காட்டும்" என்றேன்.
பொய் இல்லை. முழு நிஜமும் இல்லை.

அவர் கிழக்கே பார்த்தார்.
சவுக்குத் தோப்புக்கு அந்தண்டை கடல்,
கண்ணுக்குத் தட்டுப்படாமல்.
"ஆளாளுக்கு மோட்டார் வச்சு எறைச்சு
அடியிலே பள்ளம் பண்ணிட்டோம்.
பள்ளம்னா அது வரத்தானே செய்யும்?"

பதில் சொல்லாமல் நூறு மீட்டருக்குக் கை காட்டினேன்.
குணாளன் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு நடந்தான்,
பின்னாலேயே சிவப்பு வயர் சரசரத்துக்கொண்டு.
இன்னும் ஒரு அளவு பாக்கி.

குடத்தில் மிச்சம் அரைக்கால் உப்புத்தண்ணீர்.
அதை வயலில் கொட்டவில்லை சந்தனமேரி.
இடுப்பில் வைத்து வரப்போடு வரப்பாக
ரோடு வரைக்கும் சுமந்துபோய்
தார் மேல் கவிழ்த்தார்.