மற்றவை

பொம்மனஹள்ளி, மூன்றாம் மாடி விடுதி.
ஆறு கட்டில், ஒரே பிளக்.
பதினெட்டு முதல் இருபத்துநாலு
என்ற கட்டத்தில் முபீனாவுக்கு டிக் அடித்தேன்.

நாளைக்கு எத்தனை மணி நேரம் வீடியோ?
"சார்ஜ் இருக்கிற வரைக்கும்."
இயர்போன்?
"அறுந்துபோச்சு. ஷிஃப்ட் முடிஞ்சு எல்லாரும் தூங்குவாங்க,
சத்தமில்லாமத்தான் பார்ப்பேன்க்கா.
இப்போ உதட்டைப் பார்த்தாலே புரிஞ்சிடும்.
கம்பெனியில, கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
யாரை நிறுத்தப் போறாங்கன்னு
எனக்குத்தான் முதல்ல தெரியும்."

மொழி உண்டு, செயலி உண்டு, மாதச் செலவு உண்டு.
இதற்குக் கட்டம் இல்லை.
'மற்றவை'யில் இருபது எழுத்துக்கு மேல்
டேப்லெட் வாங்காது.

அடுத்த கேள்வியை
எனக்குள் ஒருமுறை வாயசைத்துக்கொண்டேன்.

"பாட்டு ஆப்பெல்லாம் கிடையாதுக்கா"
என்றாள்.