மூணு அறுபது

குலசேகரத்து மழைக்கு அடக்கம் தெரியாது.
கடைத் தகரத்தில் அது கொட்டுகிற கொட்டில்
ஒன்றை அழுத்தவும் என்றதா
ஒன்பதை அழுத்தவும் என்றதா
கேட்கவில்லை.
ரெண்டையும் அழுத்தினேன்.

பதினேழு நிமிஷம் வீணை.
அதே இடத்தில் அறுந்து
அதே இடத்தில் தொடங்குகிற வீணை.
அதற்குள் நாலு கட்டு ஷீட்டை
தார்ப்பாய்க்குள் இழுத்துப் போட்டாயிற்று.
விரலெல்லாம் புகைமணம்.
போனிலும்.

"வணக்கம் மிஸ்டர் தங்கையன்."
தங்கையன் எனக்க அப்பா.
செத்துப் பன்னிரண்டு வருஷம்,
யாருக்கும் பத்து ரூபாய் பாக்கி வைக்காமல்.
"நான் ஐசக்" என்றேன்.
பிறந்த தேதி, அம்மா பெயர்,
கடைசியாய் எங்கெங்கே தேய்த்தேன்:
அழகியமண்டபத்தில் டீசல்,
மார்த்தாண்டத்தில் ஆசிட் கேன் ரெண்டு,
மகளின் நர்சிங் காலேஜ், முதல் தவணை.
எல்லாம் சரி என்றாள்.
பரீட்சையில் தேறியவன்போல
நாற்காலியில் நிமிர்ந்தேன்.

பில்லின் பின்புறம் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன்.
மாசம் மூணு அறுபது.
வருஷத்துக்கு நாற்பத்து மூணு இருபது.
திங்கள்நகரில் வட்டிக்கு விடுகிற ஜஸ்டஸ்கூட
மூணுதான் வாங்குகிறான்.
அவன் வாசலில் நின்றால் ஊர் பார்க்கும்.
இங்கே யாரும் பார்ப்பதில்லை.
அந்த அறுபது பைசா
அதற்குள்ள கூலி என்று நினைக்கிறேன்.
இதை மட்டும் வாசிக்கவில்லை.

"ஏழு வருஷம், மேடம். ஒரு மாசம் தப்பினதில்லை."
"அப்ரிஷியேட் பண்றோம் சார்.
சிஸ்டத்துல குறைக்க ஆப்ஷன் இல்லை.
அங்க என்ன சார் சத்தம்?"
"மழை. மழை பெய்தா பால்வெட்டு இல்லை.
வெட்டு இல்லேன்னா ஷீட் இல்லை.
ஷீட் இல்லேன்னா உங்க பில் இல்லை."

அவள் பாயிண்டுக்குத் தாவினாள்.
பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது கிடக்கிறதாம்.
சூட்கேஸ் எடுக்கலாம்.
கோவாவில் ஓர் இரவு தங்கலாம்.
"ஆசிட் கேன் கிடைக்குமா?"
விசைப்பலகை தட்டுகிற சத்தம்.
பாவம், உண்மையாகவே தேடினாள்.
"இல்ல சார்."

"பின்னே கார்டை மூடிருங்க."

சொன்ன பிறகுதான் வயிறு குளிர்ந்தது.
சரி என்றுவிட்டால்?
நவம்பரில் ரெண்டாம் தவணைக்கு
எதைத் தேய்ப்பேன், முழங்கையையா?

அவள் பேசவில்லை.
அந்த மௌனம் எனக்குத் தெரியும்.
தராசில் ஷீட்டை வைத்துவிட்டு
கோட்டயம் விலை பார்ப்பதுபோல போனைத் தடவி
வெட்டுக்காரர்கள் முன்னால் நான் விடுகிறது.
விலை காலையிலேயே தெரியும்.
ஆனாலும் விடுவேன்.

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க."
வீணை.
பிறகு ஓர் ஆண் குரல்,
மேலிடத்துக்கே உரிய நிதானத்தோடு:
"ரெண்டு நாற்பத்தொன்பது. ஆறு மாசத்துக்கு.
வருஷக் கட்டணம் கிடையாது."
ரெண்டரை என்று சொன்னால் நாக்கு தேயுமா?
"ஆறு மாசம் கழிஞ்சா?"
"திரும்பக் கூப்பிடுங்க சார்."

போனை வைக்கும்போது
லீலாபாய் உரச்சாக்கைத் தலையில் போட்டு
நனைந்தும் நனையாமலும் வந்து நின்றாள்.
மாரோடு அணைத்து ஏழு ஷீட்.
"ரெண்டு ரூவா கூட்டிப் போடும்.
இல்லேன்னா பொன்மனைக்குக் கொண்டு போவேன்."

"இன்னைக்குக் கோட்டயத்துல..." என்று
வாய் தானாகத் திறந்தது. மூடினேன்.
ஒரு ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்தேன்.
குமிழ் இல்லை. பூஞ்சை இல்லை.
"ஒரு நிமிஷம் நில்லு" என்று உள்ளே போனேன்.

உள்ளே கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?
புகைப்புரைதான்.
கம்பில் தொங்குகிற ஷீட்டுகளின் நடுவே
கண் எரியும்வரை நின்றேன்.
திரும்பி வந்து,
"ஒண்ணே கால்" என்றேன்,
கொஞ்சம் நிதானமாகவே.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சாக்கைக் கீழே வைக்கவுமில்லை.